பேச்சு போன பிறகும் அப்பாவோடு பேசுவது எப்படி?

கேள்வி ஒரு மகளுடையது. சுருக்கமாக இது: அப்பாவுக்கு 58 வயது. நான்கு மாதம் முன்பு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. நடை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. "அது... அது வந்து..." என்று ஆரம்பித்து நின்றுவிடுகிறார். ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை என்கிறார். எழுதிக் காட்டச் சொன்னால் பேனாவைத் தள்ளிவிடுகிறார். நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா? ஆறு மாதத்துக்குள் வராத பேச்சு அப்புறம் வரவே வராது என்கிறார்களே, உண்மையா? அவருடைய நண்பர்கள் பார்க்க வரட்டுமா என்று கேட்கிறார்கள். அவர் சங்கடப்படுவார் என்று தள்ளிப்போட்டு வருகிறோம், சரிதானா?

ஸ்ட்ரோக்கிலும் தலைக்காயத்திலும் பேச்சை இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பேச்சு எவ்வளவு திரும்பும் என்பது முழுக்க யார் கையிலும் இல்லை. ஆனால் அவரோடு உரையாடல் நடக்குமா, நடக்காதா என்பது பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது. குடும்பங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, முதலில் பேச்சு வரட்டும், மற்றதெல்லாம் பிறகு என்று காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பில் போகும் மாதங்கள்தான் அவரை அதிகம் ஒடுக்குகின்றன.

அப்பாவுக்கு இருப்பது பெரும்பாலும் அஃபேசியா. மூளையில் மொழியைக் கையாளும் பகுதிகள் அடிபடுவதால் வருவது. வலது கைப்பழக்கம் உள்ளவர்களில் 100-க்கு 95 பேருக்கு அந்தப் பகுதிகள் இடது பக்க மூளையில் இருக்கின்றன. இடது கைப்பழக்கம் உள்ளவர்களிலும் பெரும்பான்மையோருக்கு அப்படித்தான். இடது மூளைதான் உடம்பின் வலது பக்கத்தையும் இயக்குகிறது என்பதால் வலது கை கால் பலவீனமும் பேச்சிழப்பும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆரம்ப நாட்களில் இது இருக்கிறது. ஆக, அரிதான ஒன்று இல்லை. வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். பேச முடியாதவர்கள் தங்களைப் பற்றி எழுந்து பேசப்போவதில்லையே.

பேச்சு குழறுவதும் அஃபேசியாவும் வேறு வேறு. நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் பலவீனமானால் உச்சரிப்பு குழறும். ஆனால் சொல்ல வந்த வார்த்தை சரியாகவே இருக்கும், எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். அஃபேசியாவில் அடிபடுவது மொழியே. பேசுவது, கேட்டுப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது என நான்குமே ஏதோ ஓர் அளவில் பாதிக்கப்படும். அப்பா பேனாவைத் தள்ளிவிட்டதற்குக் காரணம் இதுதான். வாயில் வராத சொல் கையிலும் வராது. எழுத்துகள் வரிசையாக அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, தொட்டுக் காட்டுங்கள் என்று கேட்பதும் இதே காரணத்தால் பெரும்பாலானவர்களுக்கு உதவுவதில்லை. பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தசையில் பலம் இருக்கும், சொல்லும் மனதில் இருக்கும், ஆனால் வாயை எந்த வரிசையில் அசைப்பது என்ற கட்டளை தடுமாறும். இது அஃபேசியாவோடு கலந்தும் வரும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் பயிற்சியைச் சரியாகத் திட்டமிட முடியும். அந்த மதிப்பீடு இன்னும் நடக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

சரி, புரிகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அப்பாவுக்கு இருப்பது தட்டுத் தடுமாறிப் பேசும் வகை. 1861-ல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த வகை இது. இதில் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது நன்றாக இருக்கும். இதற்கு நேரெதிராக, இன்னொரு வகையினர் தடையில்லாமல் பேசிக்கொண்டே போவார்கள், ஆனால் சொற்கள் பொருள் இல்லாமல் கலந்திருக்கும், மற்றவர் பேசுவதும் சரியாகப் புரியாது, தாங்கள் பேசுவது தவறு என்பதே தெரியாது. அந்த வகையை 1874-ல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். இரண்டும் கடுமையாகச் சேர்ந்து வருவதும் உண்டு. எல்லாம் புரிந்து, பேசவும் முடிந்து, பெயர்ச்சொற்கள் மட்டும் நழுவுகிற லேசான வகையும் உண்டு. நடைமுறையில் யாரும் ஒரு பெட்டிக்குள் கச்சிதமாக அடங்குவதில்லை. மாதங்கள் போகப் போக ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதும் சகஜம்.

"நன்றாகப் புரிகிறது" என்று சொன்னேன் அல்லவா, அதிலும் ஓர் இடுக்கு இருக்கிறது. "அண்ணன் தம்பியை அடித்தான்", "அண்ணனைத் தம்பி அடித்தான்". இரண்டிலும் சொற்கள் அதேதான், வரிசையும் அதேதான். எந்தச் சொல்லில் ஐ ஒட்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடித்தவன் யார், அடி வாங்கியவன் யார் என்று நமக்குத் தெரிகிறது. அப்பாவைப் போன்றவர்கள் பேசும்போது விட்டுவிடுவது இந்த ஒட்டுகளைத்தான்: "நான்... கடை... போ..." என்பார்கள். கேட்கும்போதும் இவையே நழுவும். அண்ணன், தம்பி, அடி மூன்றும் பிடிபடும், யார் யாரை என்பது பிடிபடாது. அதனால் "மருந்து சாப்பிட்டீங்களா?" புரியும். "டாக்டர் சொன்ன மருந்தை வாங்கி வரச் சொல்லி தம்பியிடம் சொல்லச் சொன்னேனே" என்பது பாதி வழியில் நின்றுவிடும். முகத்தைப் பார்த்து, சூழலைப் பார்த்து அவர் தலையாட்டிவிடுவார். நீங்கள் புரிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். மறுநாள் அதற்கு மாறாக ஏதோ நடக்கும், மறதி என்றோ புத்தி மழுங்கிவிட்டது என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வாக்கியத்தை மூன்று துண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்திச் சொல்லிப் பாருங்கள்.

மொழி போனால் சிந்தனையும் போய்விடுமா என்பது வீட்டில் எல்லோருக்குள்ளும் இருக்கும் பயம். 2005-ல் ரோஸ்மேரி வார்லி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் கடுமையான அஃபேசியா இருந்த 3 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். யார் யாரை என்ன செய்தார் என்ற வாக்கியங்களில் தடுமாறிய அந்த மூவரும் காகிதத்தில் எண்களாகக் கொடுத்த கணக்குகளைப் போட்டார்கள். எந்த எண்ணிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்பதிலும், அடைப்புக்குறி போட்ட கணக்குகளிலும் அவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. வாக்கியத்தில் தொலைந்த வரிசை எண்களில் தொலையவில்லை. ஸ்ட்ரோக் பெரிதாக இருந்தால் கவனம், நினைவு போன்றவையும் அடிபடலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பேச்சு வரவில்லை என்பதை வைத்து அறிவு போய்விட்டது என்று முடிவு செய்ய முடியாது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பழைய சாட்சி புரோக்காவின் நோயாளியேதான். லெபோர்ன் என்பது அவர் பெயர். பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் இருந்தவர். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்ற ஒரே ஒலிதான் அவர் வாயில் வரும். அதனால் அங்கே அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டபோது, இடது கை விரல்களை விரித்து நான்கு முறை காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினார். 21, சரியான விடை. மறுநாளும் அதே கேள்வி, அதே விடை. மூன்றாவது முறையும் கேட்டதும், தன்னை வைத்துச் சோதனை நடத்துகிறார்கள் என்று புரிந்துகொண்டு கோபத்தில் ஒரு வசைச்சொல்லை உரக்கச் சொன்னார். சில நாட்களில் அவர் இறந்தார், அவருடைய மூளையை வைத்துத்தான் மொழிக்கு மூளையில் இடம் உண்டு என்ற வாதம் வலுப்பெற்றது. மருத்துவ வரலாறு அந்த மூளையை நினைவு வைத்திருக்கிறது. எனக்கு அந்தக் கோபம்தான் முக்கியமாகப் படுகிறது. விடை தெரிந்திருந்தும் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதை வயது வந்த எந்த மனிதரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இதையேதான் வீடுகளில் அன்போடு செய்கிறோம். உறவினர் வந்தால் "அப்பா, இது யாரு சொல்லுங்க? பேரு சொல்லுங்க பாப்போம்" என்கிறோம். அவர் விழிப்பார். "நேத்து சொன்னீங்களே!" என்போம். அவருக்கு அந்த ஆளைத் தெரியும், அவரோடு 30 வருடப் பழக்கம் இருக்கும், பெயர் மட்டும் வெளியே வராது. எல்லார் முன்னாலும் தோற்றுப்போன ஒருவராக அவரை உட்கார வைக்கிறோம். பயிற்சி நேரத்தில் பெயர் சொல்லச் சொல்வது வேறு, அதை அவர் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில், வாசலில், தொலைபேசியில் பரீட்சை வேண்டாம். விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி வீடு மாறும்.

வசைச்சொல் என்றதும் இன்னொன்று. நல்ல வார்த்தை ஒன்றும் வராத மனிதருக்குத் திட்டு மட்டும் தெளிவாக வருகிறதே என்று பல மனைவிமார் என்னிடம் குரல் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு கெட்ட வார்த்தை பேசாதவரிடமிருந்தும் வரும். யோசித்து வாக்கியம் அமைப்பது ஒரு வேலை. தானாக வந்து விழும் பேச்சு வேறொரு வேலை. வசை, வணக்கம், ஒன்று இரண்டு மூன்று, வாரத்தின் நாட்கள், சிறு வயதில் மனப்பாடம் செய்த பிரார்த்தனை, பாட்டு எல்லாம் இரண்டாவது வகை. அதில் வலது பக்க மூளைக்கும் ஆழத்தில் இருக்கும் பகுதிகளுக்கும் பங்கு உண்டு என்பதால் இடது பக்கம் அடிபட்டாலும் தப்பிப் பிழைக்கிறது. அவர் உங்களைத் திட்டவில்லை. கதவைத் தட்டிக் களைத்த ஒருவருக்குக் கையில் கிடைத்த ஒரே சொல் அதுதான்.

ஆமாம்–இல்லை குழப்பமும் இதன் உறவுதான். இரண்டு சொற்களும் குட்டியாக, எதிரெதிராக, எப்போதும் ஜோடியாக இருப்பவை. எது வாயில் வரும் என்பது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. அவர் சொல்வதைக் கேட்டு உடனே நடக்காதீர்கள், முகத்தையும் கையையும் பாருங்கள். இரண்டு அட்டைகளில் ஒன்றில் சரிக்குறி, இன்னொன்றில் பெருக்கல் குறி போட்டு அவர் இடது கைக்கு எட்டும்படி வையுங்கள். முக்கியமான விஷயம் என்றால் கேள்வியைத் திருப்பியும் கேளுங்கள்: "வலி இருக்கா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் கழித்து "வலி இல்லையே?" என்று. இரண்டு விடையும் பொருந்தினால் நம்பலாம்.

உரையாடலை எப்படி நடத்துவது என்பதை ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். பயிற்சிக்கு வரும் ஒருவர், மாலையில் மனைவியிடம் "பச்சை... பச்சை..." என்று வாசலைக் காட்டி ஆரம்பித்தார். "பச்சைச் சட்டையா? பச்சை டப்பாவா? செடிக்குத் தண்ணியா?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே போக, அவருக்கு ஆத்திரம் ஏறியது. நான் ஒரு தாளில் பெரிதாக ஆள், பொருள், இடம் என்று மூன்று சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் தொட்டு வாய்விட்டுப் படித்தேன். அவர் விரல் "ஆள்" மேல் நின்றது. குடும்பமா, வெளியாளா? குடும்பம். அந்த அம்மா பிள்ளைகளின் பெயர்களை எழுதினார். சின்ன மகளின் பெயரைத் தொட்டார். "அவளைப் பத்தி எங்ககிட்ட சொல்லணுமா, கேக்கணுமா?" கேட்க வேண்டும். "உடம்பா? பணமா? பயணமா?" பயணம் என்றதும் கண் விரிந்தது. மகள் அன்று காலை ஊருக்குக் கிளம்பியிருந்தாள், போய்ச் சேர்ந்தாளா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. "சேந்துட்டா, மத்தியானமே போன் பண்ணிட்டா" என்றதும் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார்.

இதில் பச்சைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்று காலைப் பயிற்சியில் நிறங்கள் பார்த்தோம், அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அஃபேசியாவில் இது அடிக்கடி நடக்கும். முன்பு சொன்ன சொல் திரும்பத் திரும்ப வரும். தட்டு என்பதற்குக் கரண்டி வரும், பட்டு என்று ஒலி மாறியும் வரும். அதனால் அவர் சொன்ன சொல்லையே பிடித்துத் தொங்கினால் வழி தவறிவிடும். "நான் சொல்றது தப்பான பாதையா?" என்று அவரையே கேட்டு, பெரிய வகையிலிருந்து சின்ன வகைக்கு இறங்குங்கள். கடைசியில் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, சரியா என்று உறுதி செய்யுங்கள். புரியாவிட்டால் புரிந்த மாதிரி நடிக்காதீர்கள், அவருக்கு உடனே தெரிந்துவிடும். "இப்போ எனக்குப் பிடிபடலப்பா. முக்கியமான விஷயம்னு தெரியுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்று சொல்லி, சொன்னபடி திரும்பி வாருங்கள்.

கனடாவின் டொரோன்டோவில் அஃபேசியாவுக்கென்றே இயங்கும் நிறுவனத்தில் ஆரா கேகன் என்பவர் இந்த முறையை ஒழுங்குபடுத்தி, குடும்பத்தினருக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். அதன் அடிப்படையே, உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பதை அவருக்கு வாய்விட்டுச் சொல்வதுதான். "என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும், வார்த்தைதான் வரமாட்டேங்குது, எனக்குப் புரியுது" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பலர் அழுதுவிடுகிறார்கள்.

மற்றபடி, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர். சத்தத்தை உயர்த்தாதீர்கள், காது நன்றாகத்தான் இருக்கிறது. குழந்தையிடம் பேசும் குரல் வேண்டாம். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், அவருக்கு அது வேலை நேரம். சொல்லை அவருக்காக முடித்து வைக்கலாமா என்பதை அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு முதல் எழுத்தைக் கொடுத்தால் போதும், சிலருக்கு அதுவும் எரிச்சல்.

இப்போது அந்த ஆறு மாதக் கதை. முதல் வாரங்களில் மூளை வீக்கம் வடிவதாலும், சாகாமல் ஓய்ந்துகிடந்த பகுதிகள் மறுபடி எழுவதாலும் வேகமான முன்னேற்றம் தெரியும். முதல் மூன்று மாதத்தில்தான் அது அதிகம், பிறகு வேகம் குறையும். வேகம் குறைவதை நின்றுபோவதாக எடுத்துக்கொண்டதில் பிறந்தது இந்தக் கெடு. அதற்கப்புறம் வரும் முன்னேற்றம் கற்றலால் வருவது. காயத்தைச் சுற்றி மிஞ்சியிருக்கும் பகுதிகள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளப் பழகுகின்றன, அதற்குப் பயிற்சி வேண்டும். 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன 156 பேர். வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம், 3 வாரம் தீவிரப் பயிற்சி. அதைப் பெற்றவர்கள் அன்றாடச் சூழலில் பேசுவதில் முன்னேறினார்கள், பயிற்சிக்காகக் காத்திருந்தவர்கள் அந்த அளவு முன்னேறவில்லை. அற்புதம் நடக்கவில்லை, ஆனால் கதவு மூடவில்லை என்பது தெளிவு. உங்கள் அப்பாவுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது.

எவ்வளவு திரும்பும்? காயம் எவ்வளவு பெரியது, எங்கே, ஆரம்பத்தில் பாதிப்பு எவ்வளவு கடுமை என்பவைதான் அதிகம் தீர்மானிக்கின்றன. லேசானவர்களில் பலர் வேலைக்கே திரும்பிவிடுகிறார்கள். கடுமையானவர்களில் பலருக்கு ஏதோ ஓர் அளவு கடைசி வரை தங்கிவிடும். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் என்னால் கணிக்க முடியாது, பார்த்தாலும் துல்லியமாக முடியாது. பழையபடி ஆகிவிடுவார் என்று உறுதி தருகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். பேச்சைக் கொண்டுவரும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மாத்திரை இன்று இல்லை. காந்த அலையாலும் லேசான மின்சாரத்தாலும் மூளையைத் தூண்டும் முறைகள் ஆய்வில் இருக்கின்றன, அவையும் பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும் துணைதான்.

பயிற்சியில் என்ன செய்வார்கள்? ஒரு சொல்லைச் சுற்றி வளைப்பது ஒரு முறை. கத்தரிக்கோல் வரவில்லையா, அது எதற்கு, எங்கே இருக்கும், யார் வைத்திருப்பார், என்ன வடிவம் என்று கேட்டுக் கேட்டு நெருங்குவது. சொல் வந்தாலும் வராவிட்டாலும், சுற்றிச் சொல்லும் பழக்கமே பிறகு கடையிலும் தெருவிலும் கைகொடுக்கும். பாட்டு வழியாகப் போவது இன்னொன்று. 1973-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவான முறை. சின்னச் சின்னச் சொற்றொடர்களை ராகம்போல இழுத்து, இடது கையால் தாளம் தட்டிச் சொல்லி, பிறகு ராகத்தை மெல்ல உதிர்ப்பார்கள். பாட்டு வருகிறதே, பேச்சும் வந்துவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பழைய பாட்டை முழுதாகப் பாடுகிறவரால் அதே பாட்டில் இருக்கும் ஒரு சொல்லைத் தனியாகச் சொல்ல முடியாமல் போகும். ஆனாலும் பாடவிடுங்கள். தன் குரல் தடையில்லாமல் வருவதைக் கேட்பது அவருக்குத் தேவை. மூன்றாவது முறை, அவருக்கே தேவையான நான்கைந்து வரிகளைத் தேர்ந்து நூற்றுக்கணக்கான முறை பழகுவது. தொலைபேசியில் சொல்ல ஒரு வரி, பேரக்குழந்தையிடம் ஒரு வரி. எந்த வரிகள் என்று அவர் தேர்ந்தெடுக்கட்டும். 2011 ஜனவரியில் தலையில் சுடப்பட்டுப் பேச்சை இழந்த அமெரிக்க அரசியல்வாதி கேப்ரியல் கிஃபர்ட்ஸ், 2020-ல் தன் கட்சி மாநாட்டில் பேசினார். சின்னச் சின்ன வாக்கியங்கள், பலமுறை பழகியவை, அழுத்தமாக. அவருக்கு இன்னமும் அஃபேசியா இருக்கிறது.

வீட்டில் இரண்டு மூன்று மொழி புழங்கினால் எந்த மொழியில் பயிற்சி என்று கேட்பார்கள். தாய்மொழிதான் முதலில் திரும்பும் என்று ஒரு பழைய கருத்து, அதிகம் புழங்கிய மொழிதான் என்று இன்னொன்று. அதிகமாகப் பார்ப்பது எல்லாம் ஏறத்தாழச் சேர்ந்து திரும்புவதைத்தான். வீட்டில் எதில் பேசினீர்களோ அதிலேயே பேசுங்கள். அவர் வேறு மொழிச் சொல்லில் சொன்னால் திருத்தாதீர்கள், சொல் கிடைத்ததே பெரிது.

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் சொல்கிறேன். விபத்தில் தலை அடிபட்டவர்களுக்குச் சொற்கள் திரும்பினாலும், பேச்சின் நூலைப் பிடித்துப் போவது, முறை வைத்துப் பேசுவது, நினைவு வைப்பது கடினமாக இருக்கும். அங்கே பயிற்சி வேறு மாதிரி. அதேபோல, ஸ்ட்ரோக்கோ காயமோ இல்லாமல் மெல்ல மெல்லச் சொற்கள் போய்க்கொண்டே இருந்தால் அது மூளை தேயும் நோயாக இருக்கலாம். நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அஃபேசியா என்று 2022-ல் குடும்பத்தார் அறிவித்து, 2023-ல் அது ஒருவகை மறதிநோய் என்று தெரிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்பாவுக்கும் அப்படி ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். ஸ்ட்ரோக்கால் வந்தது தானாகத் தேய்ந்துகொண்டு போகாது. திடீரென்று மோசமானாலோ, முகம் கோணினாலோ, கை புதிதாகத் தளர்ந்தாலோ, அது புதிய ஸ்ட்ரோக்காக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மனச்சோர்வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, அஃபேசியா இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அவரால் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல முடியாது. தூக்கம், பசி, முகம், பயிற்சிக்கு வர மறுப்பது இவற்றை வைத்துத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். வீட்டு முடிவுகளிலிருந்து அவரை ஒதுக்குவது இதை வளர்க்கும். அவர் முன்னால் அவரைப் பற்றி மூன்றாம் மனிதராகப் பேசுவது, அவர் கையெழுத்தை யாரோ போடுவது, பணத்தைக் கேட்காமல் எடுப்பது எதுவும் வேண்டாம். படம் வரைந்து, எண்களை எழுதிக் காட்டி, இரண்டு வழிகளைத் தாளில் போட்டுக் கேளுங்கள். இடது கையால் கையெழுத்துப் பழகலாம்.

நண்பர்கள் வரட்டுமா? வரச் சொல்லுங்கள். சங்கடப்படுவார் என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு, அவரிடமே பெயர்களைக் காட்டிக் கேளுங்கள். ஸ்வீடன் கவிஞர் தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமர் 1990-ல் ஸ்ட்ரோக்கில் வலது கையையும் பேச்சையும் இழந்தவர். அதற்குப் பிறகும் இடது கையால் பியானோ வாசித்தார், கவிதை நூல்கள் வெளியிட்டார், மனைவி மோனிகா துணைக்கு இருக்க விருந்தினர்களைச் சந்தித்தார், 2011-ல் நோபல் பரிசு பெற்றார். எல்லோரும் அவர் ஆக முடியாது, ஆனால் மனிதர்களோடு இருப்பது எல்லோருக்கும் வேண்டும். நான் பார்த்தவரை, நண்பர்கள் வராமல் போவது மனம் இல்லாததால் இல்லை, வந்து என்ன பேசுவது என்று தெரியாததால்தான். அதைச் சொல்லிக் கொடுங்கள்.

முதல் முறை ஒருவர் மட்டும் வரட்டும், அப்பா களைக்காத நேரத்தில், அரை மணி நேரம். பழைய புகைப்படங்களோ, இருவருக்கும் பிடித்த விளையாட்டோ, சீட்டுக்கட்டோ கொண்டுவரட்டும். கையில் ஏதாவது இருந்தால் பேச்சு அதன் மேல் உட்காரும். பெயர் கேட்க வேண்டாம், தன் செய்திகளை முதலில் சொல்லட்டும், அப்பா கையைக் காட்டும்போது நிறுத்தட்டும். மேசையில் தாளும் தடித்த பேனாவும் இரண்டு அட்டைகளும் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி என்று காட்டிவிட்டு, அப்புறம் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள்.